நின்று தல்லுகிறவள்

சுதர்மா படுக்கையிலிருந்து எழுந்திருப்பதை ஒரு தனி வேலை என்றே சொல்ல வேண்டும். முதலில் வலப்பக்கமாக ஒருக்களிப்பாள். முழங்கால்களை மடக்கிக் கட்டில் விளிம்புக்குக் கொண்டுவருவாள். பிறகு கால்களைத் தாமாகக் கீழே சரிய விட்டு, அந்தப் பாரத்திலேயே உடம்பின் மேல்பாதியைக் கையூன்றித் தூக்குவாள். இடையில் யாராவது பேசினால் பதில் வராது. எழுந்து உட்கார்ந்ததும் ஒரு மூச்சு விட்டு, இடது காலைத் தரையில் மெல்ல வைத்துப் பார்ப்பாள். இடுப்பில் கிளம்பி, பின்தொடை வழியாகக் கெண்டைக்கால்வரை ஓடும் அந்தச் சுண்டு வலி அன்றைக்கு எந்த மட்டில் இருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

"எப்பிடி?" என்றான் அவள் புருஷன் பிரசன்னன், அடுப்படியிலிருந்து.

"இருக்கு."

"நேத்துக்கு எப்பிடி?"

"நேத்து நேத்தோட போச்சு. கட்டன் சாயா ஆச்சா?"

கர்க்கடக மழை, தமிழுக்கு ஆடி மாத மழை, ஓட்டுக்கூரையில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் அவனுடைய ஆட்டோ தார்ப்பாய் போர்த்தி நின்றது. பிரசன்னன் சாயாவைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, நாலைந்து நாளாகப் பேச நினைத்ததைப் பேசினான்.

"வைத்தியர்ட்ட சொல்லிட்டேன். இந்த மாசம் முடியற வரைக்கும் படுத்துக்கிட்டு சிகிச்சை எடுக்கலாம்னாரு. கிழி ஒத்தடம், உழிச்சில் தேய்ப்பு, எல்லாம். கஞ்சியும் அங்கயே."

"போன கர்க்கடகத்துலயும் படுத்தேன்ல."

"கொறஞ்சுதா இல்லியா? உள்ளதைச் சொல்லு."

"கொறஞ்சுது. நான் இல்லேன்னு சொல்லலியே. முதுகுல பெரிய உளுந்தவடை தட்டி, அது நடுவுல எண்ணெய ஊத்துனாரு. என்ன சொகம்! வலி தூங்கியே போச்சு. திரும்பி ஆபீசுக்குப் போயி குரண்டில உக்காந்தேன், அன்னைக்குச் சாயங்காலமே முழிச்சுக்கிடுச்சு. அவரு கைய நான் குத்தம் சொல்லமாட்டேன் மனுஷா. வலி அவரு வீட்டுல இல்ல. ஆபீசுல இருக்கு. எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

கொல்லத்துக்குக் கிழக்கே, சந்தனத்தோப்பு வட்டாரத்தில், ஆபீஸ் என்றால் அண்டியாபீஸ்தான். அண்டி என்கிற முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரிக்கிற கம்பெனி. உடைப்பதற்குப் பெயர் தல்லு. ஒரு சாண் உயரம்கூட இல்லாத குரண்டிப் பலகையில் குந்தி உட்கார்ந்து, எதிரே கருங்கல்லை வைத்து, கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, வறுத்த அண்டியைக் கல் விளிம்பில் நிறுத்தி மரக்கட்டையால் ஒரு தட்டு. தட்டு சரியாக விழுந்தால் பருப்பு முழுசாக வரும். கொஞ்சம் பிசகினால் பிளவு. ஓட்டுப்பால் பட்ட விரல் வெந்து கறுக்கும். அந்த ஹாலில் பெண்கள் வரிசை வரிசையாகக் காலையிலிருந்து மாலைவரை முதுகை வளைத்துத் தல்லிக்கொண்டிருப்பார்கள். எந்நேரமும் கல்லில் கட்டை விழும் சத்தம். மழை பெய்தால் மழையா தல்லா என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது.

சுதர்மா கல்யாணத்துக்கு முன்பே அந்த ஹாலுக்கு வந்தவள். இப்போது மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று.

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் இளம்வயது டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டியிருந்தார். முதுகெலும்பின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய தட்டு பின்னால் பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அறுவை இப்போது வேண்டாம், கால் மரத்துப்போனாலோ மூத்திரம் தெரியாமல் போனாலோ உடனே வாருங்கள் என்றார். இடுப்புக்குப் பெல்ட் கொடுத்தார். குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி, மார்பை மட்டும் தூக்குகிற பயிற்சியைச் செய்யவைத்தார். நிறைய நடக்கச் சொன்னார்.

"தரையில குந்தி உக்கார்றது மட்டும் கூடவே கூடாது" என்றார்.

"அப்ப எப்பிடி டாக்டரே தல்லுறது?"

"வேற வேலைக்கு மாத்திக் கேளுங்க."

"தோலுரிக்கிற பீலிங்லயும் தரைதான். தரம் பிரிக்கிற கிரேடிங்லயும் தரைதான்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "என்னால இவ்வளவுதான் சொல்ல முடியும் சேச்சி. முதுகு உக்காரக்கூடாது."

மற்றவர்கள் இதைக் கேட்டால் வேலையை விட்டுவிடச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பிரசன்னன் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். சுதர்மா பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி வந்தாள்; சீட் காலியாக இருந்தும் உட்காரவில்லை. இறங்கும்போது அவனிடம் சொன்னாள்:

"உக்காரக்கூடாதுன்னுதான சொன்னாங்க. தல்லக்கூடாதுன்னு சொல்லலியே."

பக்கத்து வீட்டில் மின்கம்பிக்கு இடைஞ்சலாக நின்ற தென்னையை வெட்டியிருந்தார்கள். அதன் அடித்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினாள். இடுப்புக்குச் சற்றுக் கீழே வருகிற உயரம். பிரசன்னன் அதை ஆட்டோவின் பின்சீட்டில் ஏற்றினான். சுதர்மா அதற்குப் பக்கத்தில் பாதி நின்று பாதி சாய்ந்து வந்தாள். முக்கு ஸ்டாண்டில் நின்ற ஆட்டோக்காரர்கள் விடவில்லை.

"பிரசன்னா, யாருடா புதுச் சவாரி? சேச்சியவிட நிமிர்ந்து உக்காந்திருக்கு!"

"வாடகையாவது ஒழுங்கா தருமா?"

"தரும்டா" என்று உள்ளிருந்து சுதர்மாவின் பதில் வந்தது. "உங்க மாதிரி ஓசில சாயா கேக்காது."

மேஸ்திரி பத்மகுமார் கெட்ட மனுஷன் அல்ல. ஹாலின் தலைமாட்டில் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மூலத்துக்காக நாற்காலியில் காற்றடைத்த வளையம் ஒன்று வைத்திருந்தார். அதைப் பற்றி யாரும் அவர் காதுபடப் பேசுவதில்லை, முன்வரிசையில் தல்லுகிற சிசிலியைத் தவிர. தென்னந்துண்டைக் கண்டதும் அவர் எழுந்து வந்தார்.

"இது என்ன சுதர்மா? சமைக்கப் போறியா?"

"இதுமேல கல்ல வச்சு நின்னு தல்லப் போறேன் சாரே."

"நின்னா?" அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "இங்க யாரும் நின்னு தல்லுனதில்ல. உயரத்துல இருந்து ஓடு தெறிச்சு ஒருத்தி கண்ணுல பட்டா யாரு பதில் சொல்றது? மானேஜர் என்னையக் கேப்பாரு."

"பின்வரிசை மூலையில சுவத்தப் பாத்து நிக்கிறேன். தெறிச்சா சுவத்துக்குத் தெறிக்கட்டும்."

"உடம்புக்கு முடியலேன்னா எழுதிக்குடுத்துட்டு வீட்டுல இரும்மா. உனக்குக் கெடைக்கவேண்டியது கெடைக்கும்."

"முடியுது. உக்காரத்தான் முடியல."

மேஸ்திரி கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். ஹாலில் தல்லுச் சத்தம் மெல்லக் குறைந்திருந்தது. எல்லோரும் காதை இங்கே வைத்திருந்தார்கள்.

"சரி. சனிக்கிழமை வரைக்கும் பாப்போம். போன மாசம் உக்காந்து ஒரு நாளைக்கு நீ எடுத்த எடை நின்னும் வரணும். வந்தா அந்தக் கட்டை அங்க இருக்கட்டும். வரலேன்னா ஒண்ணு குரண்டில உக்காரு, இல்ல கல்ல விட்டுக்குடு. உன் கல்லுக்கு வெளிய ஆள் நிக்குது."

"வரும்" என்றாள் சுதர்மா.

அவ்வளவு சுலபமாக வரவில்லை. முதல் நாள் பார்த்தவர்களுக்குப் பாவமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. உட்கார்ந்து தல்லும்போது கை தோளிலிருந்து இறங்கும். நிற்கும்போது முழு உடம்பும் கூட இறங்கியது. அண்டி நசுங்கியது. இல்லாவிட்டால் பருப்பு சுவரில் போய் மோதியது. கல் ஆடியது.

"சுதர்ம சேச்சி பந்து வெளையாடுறா" என்றாள் சிசிலி, முன்வரிசையிலிருந்து. "சுவத்துல அடிச்சா எவ்வளவு ரன்?"

"உன் தலைல அடிச்சா ஆறு. திரும்பி உக்காருடி."

சாயங்காலம் பருப்பு போடும் தகரத்தில் பாதிக்குமேல் பிளவுதான். வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தவள், தலையைத் தூக்காமலே கேட்டாள்: "மரம் அறுக்குற வாள் எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"கட்டை நாலு விரல் கூடுதல் உயரம். அறுக்கணும்."

"முதுக அறுத்துப் போட்டாலும் நீ விடமாட்ட" என்றான் பிரசன்னன். ஆனால் மறுநாள் விடியலில் வாளை எடுத்துக்கொண்டு அவளோடு ஆபீசுக்கு வந்து, காவல்காரரிடம் இரண்டு பீடி கொடுத்துச் சமாதானம் சொல்லி, மழைச்சாரலில் குந்தி அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். துண்டின் தலையில் உளியால் பள்ளம் எடுத்து, ஈரச்சாக்கை மடித்துத் திணித்து, அதில் கல்லை இறுக்கினார்கள். கல் ஆடுவது நின்றது. அடியின் அதிர்ச்சியைச் சாக்கு குடித்துக்கொண்டது. ஒரு காலுக்கு அடியில் செங்கல் வைத்துக்கொண்டால் இடுப்பு லேசாவதையும் அவள் கண்டுகொண்டாள். கால் மாற்றிக் கால் வைத்து, கையை மணிக்கட்டிலிருந்து மட்டும் இறக்கப் பழகினாள். மூன்றாம் நாள் முழுசுகள் விழத் தொடங்கின.

வலி போகவில்லை. அது வேறு மாதிரி ஆகியிருந்தது. குந்தி உட்காரும்போது ஆணி அடித்தாற்போல் இறங்குவது, நிற்கும்போது பாரமாகக் கிடந்தது. பாரத்தைச் சுமக்கலாம் என்று அவள் பிரசன்னனிடம் சொன்னாள். சுமந்துகொண்டே வேறு எதையாவது நினைக்கவும் முடிகிறது என்றாள்.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும் தின்றுவிட்டு மற்றவர்கள் சுவரோரம் சாயும்போது, சுதர்மா சாக்கு அடுக்குக்குப் பின்னால் பாயை விரித்துக் குப்புறப் படுத்து டாக்டரம்மா சொன்னதைச் செய்வாள். கைகளை ஊன்றி மார்பைத் தூக்குவாள்.

"நாகம் படமெடுக்குது, முட்டை வையுங்கடி" என்பாள் சிசிலி.

"மத்தி வால வை, போதும்."

அந்த ஹாலில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் பிடி. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கும் காய்ச்சல்காரிக்கும், அவள் அசந்திருக்கும் நேரம் பார்த்து, சுற்றி இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு பிடிப் பருப்பை அவள் தகரத்தில் போடுவார்கள். போடுகிறவள் சொல்லக்கூடாது; வாங்குகிறவள் கேட்கக்கூடாது. ஒருத்தி பருப்பு இன்னொருத்தி தகரத்தில் விழக்கூடாது என்பது கம்பெனியின் சட்டம். மேஸ்திரிக்குத் தெரியுமா தெரியாதா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சுதர்மா எத்தனையோ பேருக்குப் பிடி போட்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சாக்கு அடுக்குக்கு மேலே ஓடு ஒழுகியது. முதுகில் சொட்டு விழவும் சுதர்மா பாதியில் எழுந்து வந்தாள். தன் மூலையில், கூடத் தல்லுகிற ஐஷா பீவி நின்றுகொண்டிருந்தாள். அவள் கை சுதர்மாவின் தகரத்துக்குள் இருந்தது. அவளுக்குப் பின்னால் சிசிலி, முந்தானையில் எதையோ முடிந்தபடி.

யாரும் கேட்கக்கூடாத கேள்வியைச் சுதர்மா கேட்டாள்.

"என்னடி பண்ற?"

ஐஷாவின் முகம் சிவந்தது. "ஒண்ணுமில்ல சேச்சி. பாத்தேன்."

"கைய எடு. எவ்வளவு போட்ட?"

"சேச்சி, இதெல்லாம் கேக்குறதில்ல."

"நான் கேக்குறேன்."

"போட்டேன். எல்லாரும்தான் போடுறோம். அதுக்கு இப்ப என்ன? என் மூத்தவன் வயித்துல இருந்தப்ப நீங்க போடலியா? எனக்குத் தெரியாதுன்னா நெனைச்சீங்க? என் கல்லுல பொறக்காத பருப்ப எனக்குத் தெரியாதா? அதத் திருப்பித் தர எனக்கு உரிமை இல்லியா?"

"எடி, உனக்கு வயித்துல புள்ளை. பத்து மாசத்துல வெளிய வந்துரும்னு தெரியும். காய்ச்சலும் அப்பிடித்தான், ஒரு வாரம் இருந்துட்டுப் போயிரும். என் முதுகு எப்பிடி போகும் சொல்லு? இது போறதில்லன்னு டாக்டரே சொல்லியாச்சு. என்கூடவே இருக்கும். நீ எனக்கு எத்தனை வருஷம் பிடி போடுவ?"

"போடுற வரைக்கும் போடுறோம்."

"அப்புறம் ஒருநாள் உனக்கே கசக்கும். அன்னைக்கு நான் உக்காரவும் முடியாம நிக்கவும் தெரியாம கெடப்பேன். நின்னு தல்ல முடியுமா முடியாதான்னு நான் தெரிஞ்சுக்கணும்டி. உன் கை எடைய வச்சு என் முதுக எப்பிடித் தெரிஞ்சுக்கிறது?"

"பெரிய ரோஷம்" என்றாள் ஐஷா. அவள் கண் நிறைந்திருந்தது. கோபத்தில் நிறைந்ததா என்று சொல்ல முடியவில்லை. "நேத்து இன்னைக்கு இல்ல, மேட மாசத்துல இருந்து போடுறோம். நீங்க வலியில முன்னாலயும் பின்னாலயும் ஆடிக்கிட்டு இருந்தீங்களே, அப்ப இருந்து. அப்ப மட்டும் வேண்டியிருந்துதோ?"

சுதர்மா கட்டையைப் பிடித்துக்கொண்டாள். மேடம் என்றால் சித்திரை. வலிக்கு நடுவே தகரத்தில் எவ்வளவு கிடக்கிறது என்று அவள் கவனித்ததே இல்லை. போன மாதம் உட்கார்ந்து எடுத்த எடை என்று மேஸ்திரி சொன்னது அவளுடைய எடையே அல்ல. அவள் நின்றபடி எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது அந்த ஹாலின் பாதிப் பேருடைய கைகளை.

அவள் தகரத்தைத் தூக்கினாள். தூக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொன்ன விதத்திலேயே குனிந்து தூக்கினாள். ஐஷாவின் தகரத்தில் முழுவதையும் கவிழ்த்தாள். தானே காலையிலிருந்து தல்லியதும் அதோடு போயிற்று.

"இனி எவளாவது போட்டா, நானே மேஸ்திரிட்ட சொல்லுவேன்" என்றாள்.

அன்று மத்தியானத்துக்குமேல் ஹாலில் யாரும் அவளோடு பேசவில்லை. சிசிலிகூட.

அன்றிரவு பிரசன்னன் அவள் முதுகில் சூடாக எண்ணெய் தடவும்போது கேட்டான்: "குடுக்கிறத வாங்கிக்கிட்டா என்ன? உன் மேல உள்ள பிரியத்துலதான் குடுக்குறாங்க."

"தெரியும்."

"சனிக்கிழமை எடை வருமா?"

"வராது."

எண்ணெய்க் கை நின்றது. "அப்பத் தோத்துருவ."

"தோத்தா என் முதுகு தோக்கட்டும். ஐஷாவோட கை ஜெயிக்க வேண்டாம். இடதுபக்கம், இன்னும் கொஞ்சம் கீழ. ஆங். அமுக்காத, தேய்."

"கல்லப் பிடுங்கிட்டா?"

"பிடுங்கட்டும். நான் உக்காரமாட்டேன். அது மட்டும் நிச்சயம். நான் உக்காராத எடத்துல அவங்க என்ன பிடுங்குறாங்கன்னு பாப்போம்."

வெள்ளி முழுதும், சனி முழுதும் அவள் தனியாகத் தல்லினாள். மத்தியானப் பயிற்சிக்குப் போகும்போது தகரத்தைத் துணியால் கட்டிவிட்டுப் போனாள். அது ஹாலுக்குச் செய்த அவமானம்தான், எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் கை இப்போது தயங்கவில்லை. சுவரைப் பார்த்து நின்ற அந்த மூலையிலிருந்து வரும் சத்தம் மற்றச் சத்தங்களைவிடக் கொஞ்சம் உயரத்திலிருந்து, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை எடை போடும் நேரத்தில் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. மேஸ்திரி முழுசையும் பிளவையும் பிரித்து, தராசில் வைத்து, போன மாதத்து அட்டையைப் பார்த்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"கொறையுது சுதர்மா."

"கொறையும்."

"கொஞ்சநஞ்சம் இல்ல. கால்வாசி கொறையுது. பருப்பு நல்லா இருக்கு, பிளவு கம்மிதான், அத நான் சொல்லணும். ஆனா எடை..." அவர் அட்டையை அவள் பக்கம் திருப்பினார். "உக்காந்தா வருது. நின்னா வரல. நான் என்ன செய்ய? மானேஜர்கிட்ட எதக் காட்டுவேன்? குரண்டிய எடுத்துப் போடு. இல்லேன்னா திங்கக்கெழமையிலிருந்து வேற ஆளு."

"குரண்டி வேண்டாம் சாரே."

"அப்பக் கல்ல விடு."

"கல்லையும் விடமாட்டேன். திங்கக்கெழமை வருவேன். நின்னுதான் தல்லுவேன்."

"சுதர்மா, நான் தன்மையா சொல்றேன்..."

"அந்த அட்டையில உள்ளது அவங்க எடை இல்ல சாரே."

சொன்னது ஐஷா பீவி. தன் இடத்தில் குந்தியபடி, கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மேஸ்திரி காதில் விழாததுபோல் இருந்தார். ஐஷா இன்னும் உரக்கச் சொன்னாள்.

"போன மாசம் உக்காந்து எடுத்தது பூரா அவங்களது இல்ல. பிடி போட்டோம். நெசமா அவங்க உக்காந்து எடுத்தது இன்னைக்கு நின்னு எடுத்ததுல பாதிகூட இருக்காது. வலில சுருண்டு கெடந்தாங்க. நீங்க இந்த நாக்காலில இருந்து பாக்கலியா?"

ஹால் முழுவதும் கட்டைகள் நின்றன. சுதர்மா திரும்பி, "ஐஷா, வேண்டாம்" என்றாள்.

"நீங்க சும்மா இருங்க சேச்சி. வேண்டாம்னா தகரத்தக் கவுப்பீங்க. நான் வாயக் கவுத்துக்கணுமா?"

மேஸ்திரிக்கு இப்போது வேறு வழி இல்லை. தெரியாததுபோல் இருப்பதற்கு ஒரு எல்லை உண்டு; வாய்விட்டுச் சொன்னதைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. அவர் குரலை ஏற்றினார்.

"ஒருத்தி பருப்ப இன்னொருத்தி தகரத்துல போட்டா என்ன சட்டம்னு தெரியும்ல? யாரெல்லாம் போட்டது? போட்டவங்க எந்திரிங்க. பாக்குறேன், எத்தனை பேருக்குத் தைரியம் இருக்குன்னு."

ஐஷா எழுந்தாள். எழுந்தாள் என்று ஒரு வார்த்தையில் சொல்வது சரியல்ல. முதலில் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றினாள். ஒரு முழங்காலைத் தரையில் போட்டாள். "யா அல்லா" என்றாள். கல்லைப் பிடித்து, தொடையைப் பிடித்து, பாதி நிமிர்ந்து அங்கேயே கொஞ்சம் நின்றாள். பிறகு ஒரு கையை இடுப்பில் கொடுத்து மீதி நிமிர்ந்தாள்.

அடுத்தது சிசிலி. "மாதாவே" என்று முனகினாள், வேடிக்கைக்கு அல்ல. அவளுக்குப் பின்னால் இருந்தவள் எழுவதற்குப் பக்கத்தில் இருந்தவள் கை கொடுத்தாள். கொடுத்தவளும் அந்தப் பிடியிலேயே எழுந்தாள். வரிசை வரிசையாக எழுந்தார்கள். முழங்கால்கள் சொடுக்கின. யாரும் ஒரே மூச்சில் எழவில்லை. சின்ன வயதுக்காரிகள்கூடச் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தார்கள். எழுந்த ஒவ்வொருத்தியின் கையும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, இடுப்பின் பின்பக்கம் போய் நின்றது. பிடி போட்டவர்கள் யார், போடாதவர்கள் யார் என்று பார்க்க உட்கார்ந்திருப்பவர் ஒருவரும் மிஞ்சவில்லை.

இத்தனை காலமும் அவர்களுடைய தலை உச்சிகளையே பார்த்து வந்த மேஸ்திரி, நாற்காலியில் உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து, எழப் போனார். காற்று வளையம் கூடவே எழுந்து கீழே விழுந்தது. வழக்கமாக இதற்கு ஒரு வாரம் சிரிப்பார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

சுதர்மா மட்டும் எழ வேண்டியிருக்கவில்லை. அவள் முன்பே நின்றுகொண்டிருந்தாள். செங்கல்மேல் இருந்த காலை மாற்றி வைத்தாள். வேலை முடிய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. கூடையில் அண்டியும் இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி, ஒன்றை எடுத்துக் கல் விளிம்பில் நிறுத்தித் தட்டினாள். அந்தப் பெரிய ஹாலில் அந்த ஒரு சத்தம்தான் கேட்டது.

மேஸ்திரி அட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "சரி, சரி. கட்டை அங்கயே கெடக்கட்டும். மானேஜர்ட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். பிறகு, வேலை நேரத்தில் அத்தனை பேரும் நிற்கிற காட்சியை யாராவது வந்து பார்த்துவிடுவார்களோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் உக்காருங்க. உக்காருங்கன்னு சொல்றேன்ல" என்றார்.

யாரும் உட்காரவில்லை.

"இருங்க சாரே" என்றாள் சிசிலி. "இப்பத்தான எந்திரிச்சோம். முதுகு நிமிரட்டும்."